சீட்டு எண்ணும் போனும் மேசையில் எழுதியிருக்கும் விதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசியில் சீட்டு எண்ணுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பிளாக்ஜாக் (21-ஐத் தாண்டாமல், கேசினோ சார்பில் சீட்டு போடும் டீலரை விட அதிகம் சேர்க்கும் ஆட்டம்) மேசையில் ஒரு போன் இருந்தால் போதும், கேசினோவே திவால் என்கிற தொனியில் போகிறது கட்டுரை. நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். காசு வைத்து ஆடியதில்லை; ஆனால் இந்த ஆட்டத்தின் கணக்கில் பல வருடப் பைத்தியம். அந்த உரிமையில் சொல்கிறேன், போனுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் மரியாதை ரொம்ப அதிகம்.

எண்ணுவது என்றால் என்ன என்பதையே கட்டுரை மர்மமாக விட்டுவிட்டது. வந்த சீட்டையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளும் வித்தை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி யாரும் செய்வதில்லை. பரவலாகப் பழகும் ஹை-லோ முறையில், 2 முதல் 6 வரை எந்தச் சீட்டு வந்தாலும் ஒன்று கூட்ட வேண்டும். பத்தோ, படச்சீட்டோ, ஏஸோ வந்தால் ஒன்று கழிக்க வேண்டும். 7, 8, 9 வந்தால் சும்மா இருக்கலாம். ஒரு கட்டில் கூட்டுகிற சீட்டு 20, கழிக்கிற சீட்டும் 20. அதனால் 52 சீட்டும் தீரும்போது கணக்கு பூஜ்யத்தில் வந்து நிற்கும்.

சின்னச் சீட்டுகள் நிறையப் போய்விட்டால் மிச்சத்தில் பத்தும் ஏஸும் மிகுந்திருக்கும். அப்போது பிளாக்ஜாக், அதாவது முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸோடு ஒரு பத்தோ படச்சீட்டோ, விழும் வாய்ப்பு கூடுகிறது. டீலருக்கும்தான் விழும். ஆனால் நமக்கு விழுந்தால் கட்டியதற்கு ஒன்றரை மடங்கு கிடைக்கும். அவருக்கு விழுந்தால் நாம் கட்டியது மட்டும் போகும். தவிர, டீலர் தன் கையில் 16 வரை இருந்தால் இன்னொரு சீட்டு எடுத்தே ஆக வேண்டும். பெரிய சீட்டு மிகுந்த நேரத்தில் அவர் 21-ஐத் தாண்டி உடைவது அதிகம். கூடுதலாக ஒரே ஒரு வகுத்தல்: கணக்கு +6 என்றால், இன்னும் 6 கட்டு மிச்சமிருக்கையில் அதன் மதிப்பு 1, 2 கட்டுதான் மிச்சம் என்றால் 3. அவ்வளவுதான் ரகசியம்.

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு என் மகன் போனில் அப்படி ஒரு செயலியை இறக்கிக்கொண்டு வந்தான். “அப்பா, நீங்க மனசுல எண்ணுங்க, நான் இதுல எண்ணுறேன்” என்று சவால். மருமகள் டீலர். சாப்பாட்டு மேசையில் இரண்டு கட்டைக் கலைத்து ஆரம்பித்தோம். கட்டுரையில் சொன்னபடியே அவன் போனைப் பைக்குள் வைத்து, திரையைப் பார்க்காமல் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருந்தான். ஒரு 5-ம் ஒரு ராணியும் ஜோடியாக விழுந்தால் எனக்கு அது பூஜ்யம், கண் தாண்டிப் போய்விடும். அவனுக்கு அது இரண்டு தட்டு. மருமகள் கொஞ்சம் வேகம் எடுத்ததும் பையன் உதட்டைக் கடிக்க ஆரம்பித்தான். இரண்டு கட்டும் தீர்ந்தபோது அவன் போன் +4 காட்டியது. “ஆப்ல ஏதோ கோளாறு” என்றான். கோளாறு கட்டைவிரலில்.

சரி, ஒரு வீட்டுச் சோதனையை வைத்து நான் தீர்ப்பு எழுதவில்லை. பழகினால் தட்டவும் வந்துவிடும். ஆனால் அவ்வளவு பழகுகிற நேரத்தில் மனசாலேயே எண்ணக் கற்றுக்கொள்ளலாம்.

கஷ்டமான பகுதி அதற்கு அப்புறம்தான் வருகிறது. கணக்கு சாதகமாகத் திரும்பியதும் 10 டாலர் கட்டியவர் 100 டாலர் கட்ட வேண்டும். பாதகமானால் மறுபடி 10-க்கு இறங்க வேண்டும். இந்த ஏற்ற இறக்கம் இல்லாமல் வெறுமனே எண்ணிக்கொண்டிருந்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. மேலே கேமரா இருக்கிறது. கண்காணிப்பு அறையில் இருப்பவர் அதே சீட்டுகளைத் தானும் எண்ணி, உங்கள் பந்தயம் கணக்கோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறார். அதற்கென்றே கணினி நிரல்கள் உண்டு. எண்ணுகிற கருவி பைக்குள் இருந்தால் என்ன, மண்டைக்குள் இருந்தால் என்ன, பந்தயம் கட்டும் சில்லுகள் மேசை மேல்தானே இருக்கின்றன? மாட்டிக்கொடுப்பது அவைதான். அந்த இடத்தில் போன் ஒரு உதவியும் செய்யாது.

திவால் விஷயத்தையும் பார்த்துவிடுவோம். நல்ல விதி உள்ள மேசையில், தப்பில்லாமல் ஆடுபவருக்கு எதிராகக் கேசினோவின் அனுகூலம் சுமார் அரை சதவீதம். கணக்கின் மதிப்பு ஒன்று ஏறினால் தோராயமாக அரை சதவீதம் நம் பக்கம் நகரும். எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், தேர்ந்த ஆளுக்குக் கட்டிய பணத்தில் ஒரு சதவீத அளவில் மிஞ்சினாலே பெரிய விஷயம். 100 டாலருக்கு 1 டாலர், அதுவும் நீண்ட கால சராசரியாக. நடுவே வாரக்கணக்கில் தோற்கவும் நேரும்.

சட்டம் பற்றிய பத்தியில்தான் எனக்கு உண்மையான வருத்தம். 2009 பிப்ரவரியில், அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் சீட்டு எண்ணும் ஐபோன் செயலி பற்றிக் கேசினோக்களை எச்சரித்ததைச் சொன்னீர்கள். கலிபோர்னியாவிலிருந்து வந்த தகவலை வைத்து வந்த எச்சரிக்கை அது. திரையை அணைத்துவிட்டும் இயக்கலாம் என்பதுதான் அவர்கள் கவலை. ஆனால் அதற்காகப் புதிதாகச் சட்டம் போட்டதாக எழுதியிருப்பது தவறு. கருவி வைத்து எண்ணுவதைத் தடுக்கும் சட்டம் அங்கே 1985-லேயே வந்துவிட்டது. காரணம் கீத் டாஃப்ட் என்ற பொறியாளர். 1970-களிலேயே உடம்பில் கட்டிக்கொள்ளும் கணினியைத் தானே செய்து, கால் விரல்களால் சுவிட்சை அழுத்திச் சீட்டுகளைப் பதிவு செய்தவர் அவர். பெல்ட் பக்கிளில் கேமரா வைக்கும் வரை போனது அந்த முயற்சி. ஐபோன் அந்தப் பரம்பரையில் கடைசிப் பிள்ளை, அதுவும் சோம்பேறிப் பிள்ளை.

நெவாடாவில் மனசால் எண்ணுவது குற்றமே இல்லை. கேசினோவுக்குப் பிடிக்காவிட்டால் வெளியே போகச் சொல்லலாம். நியூஜெர்சியில் அதுவும் முடியாது. எண்ணுகிறார் என்பதற்காகக் கேசினோ தானாக ஒருவரைத் தடுக்க முடியாது என்று சீட்டு எண்ணுவதில் பேர்போன கென் உஸ்டன் போட்ட வழக்கில் 1982-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நெவாடாவில் அதே எண்ணிக்கையைக் கருவியால் செய்தால் கடுங்குற்றம், சிறைக்கே போக நேரலாம். குற்றமே இல்லாத ஒன்றைச் சிறைக்குப் போகிற காரியமாக மாற்றிக் கொடுப்பதுதான் அந்தச் செயலி செய்யும் ஒரே வேலை. இதைக் கட்டுரையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டாமா?

எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்பதும் சரியில்லை. 2004-ல் லண்டன் ரிட்ஸ் கேசினோவில் மூன்று பேர் ரூலெட்டில் (சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று கட்டும் ஆட்டம்) சுமார் 13 லட்சம் பவுண்டு ஜெயித்தார்கள். போனில் லேசர் கருவி பொருத்திப் பந்தின் வேகத்தை அளந்ததாகச் சந்தேகம். போலீஸ் விசாரித்து, அன்றைய சட்டப்படி வழக்கில்லை என்று பணத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டது.

கேசினோக்கள் என்ன செய்கின்றன என்ற கேள்விக்குக் கட்டுரையில் ‘போனைத் தடை செய்கின்றன’ என்று ஒரே வரியில் பதில். அது வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி, கண்ணுக்குத் தெரிகிற பதில். உள்ளே நடப்பது வேறு. 1960-களின் தொடக்கத்தில் எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர் எண்ணும் முறையை ஊரறியச் சொன்னதும், 1964-ல் லாஸ் வேகாஸ் கேசினோக்கள் விதிகளைச் சட்டென்று இறுக்கிப் பார்த்தன. கூட்டம் குறைந்தது. சில வாரங்களில் பழைய விதிக்கே திரும்பின. அதிலிருந்து அவர்கள் கற்ற பாடம், எதையும் சத்தமில்லாமல் மாற்ற வேண்டும் என்பது. ஒரு கட்டு ஆறாயிற்று, எட்டாயிற்று. கலைத்த சீட்டுகளுக்கு நடுவே ஒரு வண்ண பிளாஸ்டிக் அட்டையைச் செருகுவார்கள். அது வெளியே வந்ததும் மறுபடி கலைப்பு. அந்த அட்டையைக் கொஞ்சம் முன்னால் செருகினாலே எண்ணுபவர் பிழைப்பு போய்விடும். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் சீட்டுகளை உள்ளே வாங்கிக் கலைத்துக்கொண்டே இருக்கும் எந்திரமும் வந்துவிட்டது. அதன் முன்னால் உலகத்தின் விலை உயர்ந்த போனும் சும்மா.

எல்லாவற்றையும் விடச் சாமர்த்தியமானது பிளாக்ஜாக்குக்குக் கொடுக்கும் தொகையைக் குறைத்தது. பழைய வழக்கம் 3:2, கட்டிய 2 டாலருக்கு 3 டாலர். அதாவது 10 டாலர் கட்டினால் 15. இப்போது பல மேசைகளில் 6:5, கட்டிய 5 டாலருக்கு 6 டாலர், அதாவது 10 டாலருக்கு 12 டாலர். ‘ஆறு, அஞ்சு’ என்று பெரிய எண்ணாகக் கேட்பதால் அதிகம் என்றே சிலர் நினைக்கிறார்கள்! சராசரியாக 21 ஆட்டத்துக்கு ஒரு முறை பிளாக்ஜாக் விழும். ஒவ்வொரு தடவையும் 3 டாலர் போகிறதென்றால், ஆட்டத்துக்குச் சுமார் 14 சென்ட், கட்டிய பணத்தில் 1.4 சதவீதம். தேர்ந்த எண்ணுநர் சம்பாதிக்கும் ஒரு சதவீதத்தை விட இது அதிகம். எண்ணுபவர்களுக்குப் பயந்து மட்டும் வந்த விதி இது என்று சொல்ல மாட்டேன். லாப ஆசைதான் பெரிய காரணமாக இருக்கும். ஆனால் எண்ணுபவர் அந்த மேசையைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவார். உட்கார்ந்து அந்த 1.4 சதவீதத்தைக் கட்டுவது, வாழ்நாளில் ஒரு சீட்டையும் எண்ணாத, பொழுதுபோக்குக்கு வந்த மனிதர். போனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய உங்கள் கட்டுரையாளர் இவரைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

கடைசியாக ஒன்று. கட்டுரையோடு ஒரு பிளாக்ஜாக் மேசையின் படம் போட்டு, ‘போன் இருந்தால் ஜெயிக்கக்கூடிய ஆட்டம்’ என்று கீழே எழுதியிருந்தீர்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பச்சைத் துணியில் வளைவாக ஒரு வரி அச்சடித்திருக்கிறது. 6:5.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர்