வான்கோழி விற்கும் கடைகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கப் பெருங்கடைகளின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். வான்கோழி விருந்தோடு கொண்டாடும் நன்றி நவிலும் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் இன்று நவம்பரின் நான்காவது வியாழனில் வருகிறது என்றால், அதில் உங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு. லிங்கன் 1863-இல் அறிவித்தது மாதத்தின் கடைசி வியாழன். 1939-இல் அது 30-ஆம் தேதியில் வந்து விழுந்தது. பண்டிகை முடியும் முன் கிறிஸ்துமஸ் விளம்பரம் செய்வது அப்போது முறையல்ல. வியாபார நாட்கள் குறைகின்றனவே என்று கடைக்காரர்கள் முறையிட, அதிபர் ரூஸ்வெல்ட் பண்டிகையை 23-ஆம் தேதிக்குக் கொண்டுவந்தார். பாதி மாநிலங்கள் மறுத்தன. டெக்சஸ் இரண்டு நாளும் கொண்டாடியது! 1941-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்ட பிறகுதான் அந்தக் கூத்து ஓய்ந்தது.

சரி, நான் கேட்பது தேதி மாற்றம் இல்லை. உறைந்த வான்கோழி பக்கத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகை.

நவம்பரில் உறைந்த வான்கோழியை அடிமாட்டு விலைக்குத் தருகிறீர்கள். பக்கத்திலேயே முழுப் பறவையை எண்ணெயில் பொரிக்கும் ஃப்ரையர், டின் டின்னாகக் கடலை எண்ணெய். பறவை ஃப்ரிட்ஜில் உருக நான்கைந்து பவுண்டுக்கு ஒரு நாள் ஆகும் என்பது விவசாயத் துறையின் கணக்கு. 16 பவுண்டு என்றால் நான்கு நாள் வேண்டும். செவ்வாய் மாலை வாங்குபவர் என்ன செய்வார்? வியாழன் காலை மேல்தோல் மெத்தென்று இருக்கும். வயிற்றுக்குள் கையை விட்டால் பனிக்கட்டி தட்டுப்படும். அதை அப்படியே 350 டிகிரி ஃபாரன்ஹீட் எண்ணெயில் இறக்குகிறார்கள். ஈரக் கறிவேப்பிலைக்கே எண்ணெய் தெறிக்கும். இங்கே பனி ஒரே நொடியில் நீராவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரிகிறது. எண்ணெய் பொங்கி வழிந்து கீழே எரியும் பர்னரில் விழுகிறது. நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே இதை வாஷிங்டனில் எரித்துக் காட்டியிருக்கிறது.

வீட்டுச் சமையல் தீ அதிகம் பிடிக்கும் நாளும் தேங்க்ஸ்கிவிங்தான். கவனிக்காமல் விட்ட அடுப்புதான் அதற்கு முதல் காரணம், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கடையில் நின்று தடுக்க முடியாது. உறைந்த பறவையால் வரும் தீயைத் தடுக்க முடியும்.

எச்சரிக்கை ஃப்ரையரின் கையேட்டில் இருக்கிறதே என்பீர்கள். அந்தப் பெட்டியைப் பிரிப்பதே வியாழன் காலையில்தான். ஞாயிறே உருக வைத்திருக்க வேண்டியதை அப்போது படித்து என்ன பயன்?

உறைபெட்டிக் கதவில் தினமும் மாற்றி எழுதுங்கள்: இன்று வாங்கினால் இத்தனை பவுண்டு வரைதான் வியாழனுக்குள் ஃப்ரிட்ஜில் உருகும். செவ்வாய்க்கிழமை அது ஏறக்குறைய 8 பவுண்டு. அதற்கு மேல் என்றால் குளிர்ந்த தண்ணீரில் பவுண்டுக்கு அரை மணி நேரம், அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்புறம், புதன்கிழமை ஃப்ரையரை அந்த வரிசையிலிருந்து எடுத்து, உறையாத வான்கோழி இருக்கும் பக்கம் வையுங்கள். விற்பனை குறையாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்