அம்மாவுக்கு, ஸ்காபரோவிலிருந்து

ஸ்காபரோ, கனடா
18 தை 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு மருதடிப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பீங்கள். போன ஞாயிற்றுக்கிழமை கதைக்கும்போது கோபத்தில் போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டீங்கள். பிறகு இரண்டு தரம் எடுத்தேன். இரண்டு தரமும் "அம்மா பின்வளவுக்கை நிக்கிறா" என்றுதான் பதில். அதனால் எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கோ.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்விதான். சந்தியடி மாமாவின் மகன் சுகமில்லாமல் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாராம், என்ன வருத்தம், கடுமையோ என்று கேட்டீங்கள். தெரியாது என்றேன். "ஒரே ஆஸ்பத்திரியிலை நிண்டுகொண்டு தெரியாதெண்டு சொல்லுறியே, கனடாவுக்குப் போனவுடனை சொந்தம் பந்தம் அறுந்து போச்சோ" என்றீங்கள். அந்தச் சொல் இன்றைக்கும் நெஞ்சுக்குள் கிடக்கிறது.

அம்மா, அவர் அங்கே இருக்கிறாரா இல்லையா என்று நான் பார்க்கவே இல்லை. பார்க்க வழி இல்லாமல் இல்லை. என் மேசையில் இருக்கும் கொம்பியூட்டரில் பெயரை அடித்தால் கட்டில் நம்பர் முதற்கொண்டு வரும். ஆனால் என் பொறுப்பில் இல்லாத ஒருவரின் கோப்பை நான் திறக்கக்கூடாது. 2004ஆம் ஆண்டிலிருந்து ஒன்ராறியோவில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. யார் எந்தக் கோப்பை எத்தனை மணிக்குத் திறந்தார் என்பது கொம்பியூட்டரில் பதிவாகும். அப்படிப் பார்த்து வேலையை இழந்தவர்கள் உண்டு. அவர் இருந்தாலும் உங்களுக்கு இதே பதில்தான், இல்லாவிட்டாலும் இதே பதில்தான்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் நான் இப்படி இருக்கிறேன் என்று நினைக்காதீங்கோ. ஒருநாள் ஒரு அக்கா கட்டிலில் இருந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, என்ரை வருத்தம் கோயிலடிக்குத் தெரியவரப்படாது, மூத்தவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம்" என்றார். எங்கள் சனத்துக்குள் ஒரு வருத்தத்தின் பெயர் வெளியே போனால் அது எத்தனை வீட்டு வாசலில் ஏறி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த அக்கா என்னை நம்பினது நான் தமிழச்சி என்பதால். தமிழச்சி என்பதாலேயே பயந்ததும் உண்டு. இரண்டையும் அவருடைய கண்ணில் பார்த்தேன். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் நான் வாய் திறப்பதில்லை.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. நீங்கள் ஊரில் எல்லோரிடமும் "மகள் ஆஸ்பத்திரியிலை கிளாக்கர் வேலை" என்று மட்டும் சொல்வதாகச் சின்னம்மா சொன்னா. கிளாக்கர் வேலை செய்கிறேன், உண்மை. ஆனால் அது கிழமையில் இரண்டு நாள்தான். மற்ற நாட்களில் நான் பி.எஸ்.டபிள்யூ. நோயாளியைக் கழுவித் துடைத்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தி, கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போகிற வேலை. எழும்ப ஏலாதவர்களுக்குக் கட்டிலிலேயே எல்லாம் செய்கிற வேலை. இதற்காக எட்டு மாதம் படித்தேன். இனி இதையும் சேர்த்துச் சொல்லுங்கோ அம்மா. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

என்ன செய்கிறேன் என்று வடிவாகச் சொன்னால் உங்களுக்கு மனம் ஆறும். காலை ஏழு மணிக்கு வேலை தொடங்கி இரவு ஏழு மணிக்கு முடியும். இந்த மாதத்தில் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. முதலில் இரவு நின்றவர்கள் யாருக்கு எப்படி என்று சொல்லித் தருவார்கள். பிறகு தண்ணீர்க் கோப்பையோடு கட்டில் கட்டிலாகப் போவேன். முகம் கழுவும்போது கண்ணுக்குச் சோப் போடக்கூடாது. மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும், ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு வேறு பக்கம். பாரிசவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது வலுவில்லாத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். அசைய முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். குதிக்கால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் புண் வந்துவிடும். அப்பம்மா கடைசி நாளில் முதுகுப் புண்ணோடு கிடந்த கிடை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது எங்கள் ஒருவருக்கும் இது தெரியாது. ஒவ்வொரு தரமும் ஒருவரைத் திருப்பும்போது அவவை நினைப்பேன்.

ஒரு ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர், ஊர் கேட்காதீங்கோ. இங்கே நோயாளியிடம் வலி எவ்வளவு என்று நம்பரில் கேட்பார்கள், பூச்சியம் என்றால் வலி இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாத வலி. அந்த ஐயாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக இல்லை. நேர்ஸ் வந்து நெஞ்சில் கை வைத்துக் காட்டி "பெயின்?" என்று கேட்டா. அவர் தலையை ஆட்டி "நோ, நோ" என்றார். நேர்ஸ் பூச்சியம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டா. அவ நல்ல பிள்ளை, வேலையில் கவனமானவ. அவவில் ஒரு பிழையும் இல்லை.

நான் விரிப்பு மாற்றப் போனேன். ஐயாவின் முகம் வேர்த்திருந்தது. வலக்கையால் போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தார். "என்ன ஐயா செய்யுது?" என்று கேட்டேன். "நோவெண்டு சொன்னனான் பிள்ளை, அவ கேட்டுப்போட்டுப் போறா. நெஞ்சுக்கை கல்லு ஏத்தி வைச்ச மாதிரிக் கிடக்கு" என்றார். எனக்குக் கை கால் பதறிவிட்டது. அவர் நோ என்றது எங்கள் நோவை, அவவின் காதில் விழுந்தது ஆங்கில நோ. ஓடிப்போய்ச் சொன்னேன். பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். டொக்டர் விளக்கம் சொல்ல வரும்போது போனில் மொழிபெயர்ப்பாளரை எடுத்தார்கள். சிகிச்சைக்குச் சம்மதம் கேட்கிற விஷயத்தில் என்னைப்போல வார்டில் நிற்பவர்களை மொழிபெயர்க்க விடமாட்டார்கள், அது சரிதான். அன்றிரவே அவரை இருதய வார்டுக்கு மாற்றினார்கள். போகும்போது அவருடைய கட்டிலுக்கு மேலே இருந்த பலகையில், இவர் நோ என்றால் வலி என்று அர்த்தம் என ஆங்கிலத்தில் எழுதி, படம் பிடித்து அந்த வார்டு நேர்ஸிடமும் காட்டினேன்.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் வலிக்குச் சொல்லும் சொல் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன். உளையுது, கடுக்குது, குத்துது, எரியுது, விறைக்குது, அடைக்குது, விண்விண் எண்டு இடிக்குது. ஒவ்வொன்றும் வேறு வேறு. இதையெல்லாம் எப்படி ஒரு நம்பருக்குள் அடக்குவது? நான் பிறந்த மானிப்பாய் ஆஸ்பத்திரியைத் தொடங்கின கிறீன் டொக்டர் 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர். எங்கள் பெடியன்களுக்கு வைத்தியம் படிப்பிக்க அவர் தமிழைப் படித்தார், வைத்தியப் புத்தகங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். இப்போது அடிக்கடி அவரை நினைத்துக்கொள்கிறேன்.

கிளாக்கர் வேலை நாட்களில் வார்டின் நடுவில் இருக்கும் மேசையில் இருப்பேன். போன் ஓயாது. எந்த அறையில் மணி அடித்தாலும் வெளிச்சம் என் முன்னால்தான் வரும். புதிதாக வருகிறவருக்குக் கோப்புத் திறப்பது, ஸ்கானுக்குக் கொண்டுபோக ஆள் கூப்பிடுவது, வீட்டுக்குப் போகிறவரின் கடதாசி எல்லாம் சரிபார்ப்பது, காலியான கட்டிலைத் துப்புரவு செய்யச் சொல்வது. நோயாளியைத் தொடாத வேலை என்று வெளியே நிற்பவர்கள் நினைப்பார்கள். அந்த மேசையில் விடுகிற பிழையும் உடம்பில்தான் போய் விழும்.

பழகத் தொடங்கின மூன்றாம் கிழமை எனக்கே அது நடந்தது. ஒரே வார்டில் இரண்டு தமிழர், இரண்டு பேருக்கும் கடைசிப் பெயர் ஒன்று, முதலெழுத்தும் ஒன்று. எங்கள் ஆட்கள் தகப்பன் பெயரைக் கடைசிப் பெயராகக் கொடுப்பதால் இது அடிக்கடி நடக்கிறது. இரத்தம் எடுக்கிற கடதாசியில் ஒருவருக்கு மற்றவரின் பெயர் ஸ்ரிக்கரை ஒட்டிவிட்டேன். ஊசி குத்த முதல் நேர்ஸ் கையில் கட்டியிருக்கும் பட்டியில் பெயரையும் பிறந்த திகதியையும் பார்த்ததால் பிடிபட்டது. என் பிழையை நானே போய் எழுதிக் கொடுத்தேன். பொறுப்பான நேர்ஸ் ஏசவில்லை. என்னைப் பக்கத்தில் இருத்தி, எந்த இடத்தில் பிழைத்தது என்று ஒவ்வொரு படியாகக் கேட்டா. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். இப்போது ஒரே மாதிரிப் பெயர் இரண்டு வந்தால், வேறு யாரும் சொல்ல முதல் நான் போய்ப் பெயர் எச்சரிக்கை ஸ்ரிக்கர் ஒட்டிவிடுவேன்.

பெயரென்றால் இன்னொரு ஆச்சி. எண்பது வயதுக்கு மேல். முழுப் பெயரைச் சொல்லுங்கோ என்று ஒவ்வொரு மருந்துக்கும் கேட்பார்கள். ஆச்சி தன் பெயரைச் சொல்லுவா, கடைசிப் பெயர் என்றால் வாயைத் திறக்கமாட்டா, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளுவா. ஆளுக்குக் குழப்பம், பெயர் ஞாபகம் இல்லை என்று கோப்பில் எழுதத் தொடங்கினார்கள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. கடைசிப் பெயர் அவவின் புருஷனுடைய பெயர். நீங்களும் ஒருநாளும் அப்பாவின் பெயரைச் சொன்னதில்லையே அம்மா, கோயிலில் அர்ச்சனைக்குக் கூட என்னைத்தானே சொல்லச் சொல்வீங்கள். நேர்ஸுக்கு விளங்கப்படுத்தினேன். பேனையைக் கொடுத்தவுடன் ஆச்சி பட்டியில் இருந்த எழுத்தைத் தொட்டுக் காட்டினா, பிறகு கடதாசியில் தமிழில் அழகாக எழுதினா. கை நடுங்கினாலும் எழுத்து ஒன்றும் பிழைக்கவில்லை. குழப்பம் என்று எழுதினதைத் திருத்தி, கடைசிப் பெயரை எழுதிக் காட்டுவா என்று சேர்த்தார்கள்.

உங்களுக்குக் காசுக் கவலை இருக்கும். இங்கேயும் ஊர்ப் பெரியாஸ்பத்திரி மாதிரித்தான், அரசாங்கம் தந்த அட்டையைக் காட்டினால் கட்டிலுக்கோ ஆப்பரேசனுக்கோ காசில்லை. ஆனால் அவசரப் பிரிவில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும், நடைபாதையிலும் கட்டில் போட்டிருக்கும். எனக்கு மனம் ஒப்பாத ஒன்று, ஊரில் துணைக்கு ஒரு ஆள் கட்டிலடியில் நிற்கும், இங்கே பல வயதானவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. பிள்ளைகளுக்கு வேலை, பாவம், அவர்களும் என்ன செய்ய. மத்தியானம் சாப்பாட்டுத் தட்டு வரும். ஜூஸ் மூடியை உரிக்க விரலில் பலம் இல்லாமல், கேட்கவும் கூச்சப்பட்டு, பசியோடு இருப்பார்கள். அரை மணித்தியாலத்தில் தட்டைத் திரும்ப எடுத்துப் போய்விடுவார்கள். வேலைக்கு ஆள் காணாது. நான் எவ்வளவு அவசரத்திலும் முதலில் எல்லாத் தட்டிலும் மூடியைத் திறந்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பேன்.

உங்கள் இன்சுலினைப் பற்றியும் எழுத வேண்டும். நீங்கள் காலையில் போடுகிற அந்த மருந்தை இந்த ரொறன்ரோவில்தான் 1921இல் பான்ரிங்கும் பெஸ்ட்டும் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டு தை மாதம் இங்கேயுள்ள ஆஸ்பத்திரியில் ஒரு பையனுக்கு முதன்முதலாகப் போட்டார்கள். திறக்காத போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கோ, மேலே ஐஸ் கட்டுகிற இடத்தில் மட்டும் வைக்க வேண்டாம், உறைந்துபோன மருந்து உதவாது. ஒரே இடத்தில் குத்தாமல் மாறி மாறிக் குத்துங்கோ.

கடைசியாகக் கால். நான் கழுவுகிற கால்களில் சர்க்கரை வருத்தக்காரரின் கால்களைப் பார்த்தால் வயிறு கலங்கும். முள்ளுக் குத்தினதே தெரியாமல் புண்ணாகி, விரல் எடுக்கிற அளவுக்கு வந்துவிடும். வெறுங்காலோடு பின்வளவுக்குப் போகாதீங்கோ. ஒவ்வொரு இரவும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கை ஈரம் இல்லாமல் ஒத்தி எடுங்கோ. அடிப்பாதம் உங்களுக்குத் தெரியாது, தம்பியைக் கண்ணாடி பிடிக்கச் சொல்லுங்கோ, இல்லாவிட்டால் அவனையே பார்க்கச் சொல்லுங்கோ. கூச்சப்பட வேண்டாம். போன முறை வீடியோவில் இடது பெருவிரலில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. மண்ணோ, காயமோ? ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பேன். போனைக் கீழே பிடித்து அந்த விரலை எனக்குக் காட்டுங்கோ.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்