ஹீட்டர் கசிவு: டேஷ்போர்டில் கை வைக்குமுன் படி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து வெகுநாளாயிற்று. பதில் போடாமல் இருந்ததற்குத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். தம்பிக்கு வேலை மாறியதில் ரொம்ப சந்தோஷம். அந்த சைக்கிள் செயின் ஞாபகமிருக்கிறதா என்று நான் கேட்டதாகச் சொல்.

மற்ற கதையெல்லாம் பிறகு பேசலாம். ஹீட்டர் கசிகிறது என்று இந்த வாரக் கடைசியில் காரின் டேஷ்போர்டைக் கழற்றப் போவதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து பொறு.

பக்கத்து இருக்கையின் காலடியில் கார்ப்பெட் நனைகிறது, கண்ணாடியின் உள்பக்கம் துடைத்தாலும் போகாத பிசுக்குப் படலம், ஹீட்டர் போட்டால் இனிப்பு வாடை. மூன்றும் சேர்ந்தால் அது கூலன்ட்தான், அதாவது இன்ஜினைக் குளிர்விக்க ஓடும் திரவம். ஆனாலும் ஒரு வெள்ளைத் துணியை ஈரத்தில் அழுத்தி எடு. நிறமும் வழுவழுப்பும் இருந்தால் கூலன்ட். தெளிந்த தண்ணீராக, வாடை இல்லாமல் இருந்தால் ஏ.சி. வடிகுழாய் அடைத்திருக்கலாம், மழைநீரும் இறங்கியிருக்கலாம். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழைய வித்தை மட்டும் வேண்டாம். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம், அதுவும் இனிக்கிற விஷம். வடித்த கூலன்டை நாய், பூனை நக்கும்படி திறந்து வைத்துவிடாதே.

கூலன்ட் என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக ஹீட்டர் கோர்தான் (சூடான கூலன்ட் ஓடி வண்டிக்குள் வெப்பம் தரும் சின்ன ரேடியேட்டர்) ஓட்டை என்று முடிவு கட்டாதே. பழைய வண்டிகள் சிலவற்றில் ஹீட்டருக்குப் போகும் கூலன்டைத் திறந்து மூடும் வால்வே டேஷ்போர்டுக்கு அடியில்தான் இருக்கும். அதன் தண்டு வழியாகச் சொட்டும். கோரும் குழாயும் சேரும் இடத்தில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இருந்தால், அது காய்ந்து கெட்டியாகி விட்டுவிடும். இன்ஜின் பக்கம் கிளாம்ப் தளர்ந்திருந்தால் கூட, குழாயோடு வழிந்து ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உட்புறத்துக்கும் இடையிலுள்ள தகடு) ரப்பரைத் தாண்டி உள்ளே வரும். டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பார். கசிந்து காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்திருக்கும். கோரை மாற்றிவிட்டு, பழைய ஓ-ரிங்கை அப்படியே போட்டு, மறுபடி நனைந்து நிற்பவர்கள் நிறையப் பேர்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் பிரஷர் டெஸ்டர், அதாவது காற்றேற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று முள்ளில் பார்க்கும் கருவி. இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் மாட்டு. மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 1 பார் சுற்றளவில், காற்றேற்றி 20 நிமிஷம் விடு. அதற்கு மேல் ஏற்றாதே. முதிர்ந்த கோர் அதிலேயே போய்விடும். முள் இறங்கினால், ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் ஃபயர்வாலில் கழற்றி, இன்ஜினிலிருந்து வருவதையும் திரும்பப் போவதையும் ஒரு துண்டுக் குழாயால் இணைத்துவிட்டு மறுபடி ஏற்று. இப்போது முள் இறங்காமல் நின்றால் கசிவு ஃபயர்வாலுக்கு உள்ளே. அப்போதும் இறங்கினால் நீ தேடவேண்டிய இடம் வேறு. இந்தச் சுற்றிணைப்போடு வண்டியைத் தாராளமாக ஓட்டலாம், ஹீட்டர் இருக்காது, அவ்வளவுதான். இரண்டு முனையையும் தனித்தனியே அடைத்துவிட மட்டும் கூடாது: இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டர் வழியை அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது ஹீட்டர் வழியைத்தான் சில இன்ஜின்கள் நம்பியிருக்கின்றன.

ஹோஸைக் கழற்றும்போது முறுக்கி இழுக்காதே. வருஷக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும் ரப்பர் விடாது. கோரின் குழாய் மெல்லிய தகடு, அதுதான் நசுங்கும் அல்லது அடியோடு பிய்யும். ஹோஸை நீளவாக்கில் கத்தியால் கீறி, வாழைப்பழத் தோல் போல உரித்தெடு. கத்தி குழாயில் கோடு போடக் கூடாது; அந்தக் கோடு வழியாகவே பிறகு கசியும். ஹோஸ் புதிதாகத்தான் போடப் போகிறாய். 16 மி.மீ., 19 மி.மீ. இரண்டுமே புழக்கத்தில் உண்டு, ஒரே வண்டியில் இரண்டும் இருக்கலாம், அளந்து வாங்கு.

கசிவடைக்கும் பொடி போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஓட்டை எது, கோரின் நுண்குழாய் எது என்று அதற்குத் தெரியாது. வெந்நீர் மெதுவாக ஓடும் இடத்தில் முதலில் படியும். ஹீட்டர் கோரும் ரேடியேட்டரும்தான் அந்த இடம். கசிவு நிற்கிறதோ இல்லையோ, சூடு குறையும்.

கோர்தான் என்று உறுதியானால் கழற்று. பேட்டரியின் நெகட்டிவை எடுத்துவிட்டு, ஏர்பேக் உள்ள வண்டியானால் கையேடு சொல்லும் நேரம் காத்திரு. ஏ.சி.யின் குளிர்விக்கும் பகுதியான எவாப்பரேட்டரும் அதே பெட்டியில் இருந்தால், வாயுவை அதற்கான கருவி வைத்திருப்பவரிடம் முதலில் எடுக்கக் கொடு; நீயாகத் திறந்துவிடாதே. பழைய கோரைச் சுற்றியிருந்த ஃபோம் பொடிந்திருக்கும். புதிதாக ஒட்டாவிட்டால் காற்று கோரைச் சுற்றிக்கொண்டு போய்விடும், புதுக் கோர் போட்டும் சூடு வராது.

கோர் ஏன் ஓட்டையானது என்று பார்க்காமல் புதியதை மாட்டாதே, இது முக்கியம். பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வை, சிவப்பு முனையை உலோகம் எதிலும் படாமல் கூலன்டில் நனை. 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கூலன்டின் துருத்தடுப்பு தீர்ந்துவிட்டது. விளக்கு, ஃபேன் போடும்போது எண் ஏறினால் எர்த் வயர் எங்கோ சரியில்லை. மின்சாரம் கூலன்ட் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாவிட்டால் புது அலுமினியக் கோரும் அரித்துவிடும்.

நிரப்பும்போது கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி. வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வை, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இரு. குமிழி நின்று, உள்ளே போகும் ஹோஸும் வெளியே வரும் ஹோஸும் சூடாக இருந்தால் காற்று போய்விட்டது. குமிழி நிற்கவே இல்லையென்றால் ஹெட் கேஸ்கட்டை (இன்ஜினின் மேல்பகுதிக்கு அடியிலுள்ள அடைப்புத் தகட்டை) சந்தேகப்படு, அப்போது இந்தக் கடிதத்தை ஓரம் வைத்துவிட்டு எனக்கு ஃபோன் பண்ணு.

கார்ப்பெட்டுக்கு அடியிலுள்ள பஞ்சையும் வெளியே எடுத்து வெந்நீரில் அலசு. கிளைக்கால் எளிதில் ஆவியாகாது. அப்படியே விட்டால் தரைத் தகடு துருப்பிடிக்கும், வாடையும் போகாது.

வால்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்பு. மீட்டர் காட்டிய எண்ணையும் எழுது. அதைப் பார்த்த பிறகு கோர் வாங்கலாம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி