பாப்பாவை ஷூட்டிங்குக்கு அனுப்பும் முன், தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பாப்பாவை டிவிக்கு செலக்ட் செய்துவிட்டார்கள் என்று நேற்று ராத்திரி நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். சந்தோஷம் இல்லாமல் இல்லை. "கேம் ஷோவா?" என்று கேட்டேன். "கேமும் உண்டு, டான்ஸும் உண்டு, ஜட்ஜ் மூணு பேர் உட்காருவாங்க" என்றாய். அந்த ஜட்ஜ் விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் நாம் டிவியில் பார்த்ததை நினைத்துப் பார். ரேடியோவில் நடந்துவந்த போர்ன்விட்டா க்விஸ் 1992ல் டிவிக்கு வந்தது. நாம் பார்த்த காலத்தில் அதை நடத்திய டெரிக் ஓ பிரையன் பேசிய இங்கிலீஷில் பாதி புரியாது, இருந்தாலும் அப்பாவோடு உட்கார்ந்து விடை சொல்லிப் பார்ப்போம். பதில் சரியென்றால் மார்க், தப்பென்றால் கேள்வி அடுத்த டீமுக்குப் போய்விடும், அவ்வளவுதான்.

அப்புறம் 2004ல் போகோ சேனல் வந்தது, அதில் வந்த தகேஷீஸ் காஸில் என்ற தடை தாண்டும் விளையாட்டு நிகழ்ச்சியின் பைத்தியம் பிடித்தது. 80களில் ஜப்பானில் எடுத்ததை ஜாவேத் ஜாஃப்ரி இந்தியில் சொல்லிக்கொண்டே போவார், நமக்கு ஒரு வரி தெரியாது. குளத்தில் வரிசையாகக் கல் கிடக்குமே, எது ஊன்றிய கல் எது மிதக்கிற கல் என்று காலை வைத்த பிறகுதான் தெரியும். அதை நாம் கொல்லையில் செய்தோம், ஞாபகமிருக்கிறதா? சிமெண்ட் தொட்டியிலிருந்து துவைக்கிற கல் வரை செங்கல் வரிசை, இரண்டு செங்கலுக்கு அடியில் மட்டும் சைக்கிள் டியூப். எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நீ நாலாவது செங்கலில் சறுக்கி, முட்டியில் ரத்தம் வழிய எழுந்து, "இன்னொரு தடவை" என்றாய். செங்கல் உன்னை ஒன்றும் சொல்லவில்லை, அதனால்தான் உன்னால் உடனே எழுந்து ஓட முடிந்தது.

எனக்கு நடந்தது வேறு. அதை உன்னிடம் முழுசாகச் சொன்னதே இல்லை. ஒரு பொங்கலுக்கு உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றில் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தார்கள். குறள் சொல்லும் சுற்றில் எனக்கு நடுவில் ஒரு சீர் மறந்துபோனது. நடுவராக வந்தவர் மைக்கில், "வீட்ல யாரும் சொல்லித் தர மாட்டாங்களா?" என்றார். கேமரா என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து நான் அழும்வரை காத்திருந்தது. அதை நாலு நாள் திரும்பத் திரும்பப் போட்டார்கள், டியூஷனில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். தோற்றது எனக்குப் பெரிதாகப் படவில்லை தம்பி. என் அழுகையை அவர்கள் நிகழ்ச்சிக்கு வைத்துக்கொண்டதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

அதனால் அனுப்பாதே என்று சொல்லவில்லை. சில விஷயங்களைக் கேட்டுவிட்டு அனுப்பு. 2017ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்ட விதிகளின்படி ஒரு பிள்ளையை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் ஷூட்டிங்கில் வைக்கக்கூடாது, ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. படப்பிடிப்பு நடக்கிற மாவட்டத்தின் கலெக்டரிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். பிள்ளைக்கு வருகிற பணத்தில் 20 சதவீதமாவது அவள் பெயரில் ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போக வேண்டும். அவளுக்கு இஷ்டமில்லாத எதையும் செய்யச் சொல்லவும் கூடாது. டான்ஸ் ரவுண்டு என்றால் எந்தப் பாட்டு, என்ன ஸ்டெப் என்று முன்னாலேயே பார்த்துவிடு. பெரியவர்கள் சினிமாவில் ஆடுவதைச் சின்னப் பிள்ளைகளை ஆடவிடுகிறார்கள் என்று 2019ல் மத்திய அரசே சேனல்களுக்கு அறிவுரை அனுப்பும் அளவுக்கு அது போயிருந்தது.

இதெல்லாம் பேப்பரில் இருப்பவை, கேட்டால் காட்டுவார்கள். பேப்பரில் இல்லாத ஒன்றையும் நீ கேட்க வேண்டும்: அவள் அழுதால் கேமராவை நிறுத்துவீர்களா? யார் பதில் சொல்கிறார்கள், எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனி. சிரித்து மழுப்பினால் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு நேராகக் கடலூருக்கு வந்துவிடு, கொல்லையில் செங்கல் அப்படியேதான் கிடக்கிறது.

அன்புடன்,
அக்கா