ஞாயிற்றுக்கிழமை நீ சொல்லாதது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. ஆச்சிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை படைப் பயிற்சி முகாமிலிருந்து நீ வீடியோவில் பேசியபோது, பேச்சு முடியும்வரை உன் கை இடது கணைக்காலைத் தடவிக்கொண்டே இருந்தது. அப்பா பக்கத்தில் இருந்ததால் நான் ஒன்றும் கேட்கவில்லை.

பளு கூடும்போது எலும்பு முதலில் பழையதைக் கரைத்துவிட்டு, பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. பயிற்சியின் முதல் சில வாரங்களில் கரைவது முந்திக்கொண்டு கட்டுவது பின்தங்கும். அந்த இடைவெளியில் முதுகில் சுமையோடு ஓடினால் மயிரிழை போல விரிசல் விழும். நெடுநடை போய்வந்த சிப்பாய்களின் வீங்கிய பாதங்களைப் பற்றி 1855-இல் பிரஷ்யப் படை மருத்துவர் ஒருவர் எழுதியதும் இந்த நோயைத்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் வருவதைப் பல நாட்டுப் படைகளிலும் கண்டிருக்கிறார்கள். மெல்லிய எலும்பு, உயரமானவர்களுக்கு ஈடாக எட்டிப்போடும் நடை, உழைப்புக்குப் போதாத சாப்பாடு, இரும்புச்சத்துக் குறைவு, வைட்டமின் டி குறைவு என்று காரணங்கள் பல இருந்தாலும், எனக்குப் பயம் தருவது மாதவிலக்கு நின்றுபோவதுதான். எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அப்போது குறைந்துவிடுகிறது.

நீ முதல் வரிசையில் ஓடுகிறாய் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் ரெலிகேட் செய்துவிடுவார்கள், பின்னால் வரும் அணியோடு சேர்த்துவிடுவார்கள் என்று அஞ்சி, வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறாய் என்றால் அது வீரமில்லை, பிடிவாதம். வயிறாரச் சாப்பிடு. வலியைச் சொல். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போகலாம் என்பதால் எம்ஆர்ஐ வேண்டுமா என்று கேள். தொடையிடுக்கில் வலித்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதே. தொடை எலும்பின் கழுத்து ஒடிந்தால் அறுவை சிகிச்சைதான். சாப்பிடு, பாப்பா.

பதினோராம் வகுப்பில் மாவட்டப் போட்டிக்காக ஓடியபோது உனக்கு ஐந்து மாதம் வரவில்லை. ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்று நான் சொன்னேன். முப்பது ஆண்டு வார்டில் நின்ற எனக்கு அது தவறென்று தெரியும். வயதுப் பெண்ணை மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போனால் உடன் வேலை செய்பவர்கள் என்ன பேசுவார்களோ என்ற பயத்தில், எலும்பு உரம் சேரும் வயதில் உன்னை அப்படியே விட்டுவிட்டேன். மதியச் சோறு பாதிக்குமேல் திரும்பி வந்ததையும் இரவுப் பணிக்கு ஓடும் அவசரத்தில் பார்த்தும் பாராமல் இருந்தேன்.

அங்குள்ள மருத்துவரிடம் அந்த ஐந்து மாதத்தையும் மறைக்காமல் சொல். இப்போது ஒழுங்காக வருகிறதா என்று எனக்கு எழுது. என் வாட்ஸ்அப்பை அப்பாவும் பார்க்கிறார், பெரியம்மா எண்ணுக்கு அனுப்பு.

அம்மா