கருவிக்கு முன் கால அட்டவணை

ஆசிரியருக்கு,

பள்ளிகள் இணையவழிக் கற்றலுக்கு மாறுவது பாதியில் நிற்பது குறித்த தங்கள் தலையங்கம் கண்டேன். ஆசிரியருக்கு நேரம் ஒதுக்காமல் கருவியை மட்டும் கொடுப்பதால்தான் மாற்றம் பாதியில் நிற்கிறது. 40 நிமிட வகுப்பை அப்படியே காணொளியாக அனுப்பினால் கோப்பு பல நூறு மெகாபைட் (எம்பி) ஆகிவிடும். ஒரே கைப்பேசியைப் பலர் பகிரும் வீடுகளில் அது திறக்கப்படாமலே கிடப்பதைக் கண்டிருக்கிறேன். அதன் சாரத்தை 8 நிமிடக் குரல்பதிவாக, விநாடிக்கு 32 கிலோபிட் என்ற குறைந்த ஒலித்தரத்தில் சேமித்தால் 2 எம்பிக்குள் அடங்கும். ஆனால் அப்படிச் சுருக்குவதற்கு உழைப்பு வேண்டும். அதை மாலை வேலையாக ஆசிரியர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

தலைமையாசிரியர் வாரம் 2 பாடவேளைகளை இதற்கென விடுவிக்கட்டும். ஒரே வகுப்பில், ஒரே பாடத்தில் 6 வாரம் நடத்தி, பதிவைக் கேட்டு விடை அனுப்பியவர்களை எண்ணிய பிறகே விரிவாக்கலாம். முதல் பதிவைத் தலைமையாசிரியரே செய்யட்டும்.