முறைப்பாடு: உயரம் தந்து பிளெக்ஸைப் பறித்த 2 அங்குல சஸ்பென்ஷன் கிட்

பருத்தித்துறை,
யாழ்ப்பாணம்.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா,

என் சுசுகி ஜிம்னி ஜேபி43 வாகனத்துக்கு உங்களிடம் வாங்கிய 2 அங்குல லிப்ட் கிட் (வாகனத்தை உயர்த்தும் ஸ்பிரிங், ஷொக், புஷ் தொகுதி) பற்றிய முறைப்பாடு இது. தொலைபேசியில் பலமுறை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுக்கிறார், முதலிலிருந்து கதை கேட்கிறார், "பார்த்துச் சொல்லுறம்" என்று வைத்துவிடுகிறார். அதனால் எழுத்தில் தருகிறேன்.

உங்கள் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது உயரம் அல்ல, "கூடுதல் பிளெக்ஸ், கூடுதல் ஆர்ட்டிகுலேஷன்" என்பதுதான், அதாவது மேடுபள்ளத்துக்கு ஏற்பச் சில்லுகள் தாராளமாக ஏறி இறங்கும் என்பது. நான் காசு கொடுத்ததும் அதற்காகத்தான். வள்ளங்களின் அவுட்போர்ட் மோட்டார் திருத்துவது என் தொழில். மணற்காடு, நாகர்கோவில், செம்பியன்பற்று, தாளையடி என்று கரையோர வாடிகளுக்கு கருவிப் பெட்டியோடு போய் வருகிறவன். தார் ரோட்டை விட்டு இறங்கினால் மணல் திட்டியும் பள்ளமும்தான். மாரி மழைக்குப் பிறகு பாதை இன்னும் மோசம், வெள்ளம் அறுத்த இடமெல்லாம் குழியாக இருக்கும். அந்த இடங்களில் ஒரு பக்க முன்சில்லும் எதிர்ப்பக்கப் பின்சில்லும் மேட்டில் ஏற, மற்ற இரண்டும் பள்ளத்துக்குள் நீளவேண்டும். நீளாவிட்டால் அவை அந்தரத்தில் சுழலும். ஜிம்னியில் முன்னும் பின்னும் சாதாரண டிபரன்ஷியல்தான் (அச்சின் இரண்டு சில்லுக்கும் விசையைப் பிரித்துக் கொடுப்பது), இரண்டு சில்லையும் சேர்த்துச் சுற்றவைக்கும் லொக் கிடையாது. ஒவ்வொரு அச்சிலும் ஒரு சில்லு தூக்கிவிட்டால் இழுவை முழுவதும் அந்தச் சுழலும் சில்லோடு போய்விடும். ஃபோர் வீல் போட்டிருந்தும் வாகனம் நின்ற இடத்திலேயே நிற்கும். வலுக்கட்டாயமாக அக்சிலரேட்டரை மிதித்தால் மணலைத் தோண்டி, அடம்பன் கொடியையும் வேரோடு பிய்த்துவிடும். அந்தக் கரையில் மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கொடிதான். அங்குள்ள சனங்கள் ஏசினால் அது நியாயம்.

கிட் பூட்டியது நெல்லியடியில், பல வருடமாக ஜீப் வேலை செய்கிற கராஜில். உங்கள் தாளில் இருந்தபடியே எல்லாம் பூட்டப்பட்டது. அங்கே வேலை செய்கிற அண்ணை பழைய சாமான்களைக் கழற்ற முதலே அளந்து எழுதி வைத்தவர், ஆகவே இது வாய்ப்பேச்சு அல்ல. முன் இடது சில்லைச் சீமெந்துக் கல் அடுக்கி உயர்த்தினோம். வாகனத்தோடு வந்த கம்பனி சஸ்பென்ஷனில் 380 மி.மீ. உயரம் வரை பின் இடது சில்லு நிலத்தில் அழுத்தமாக இருந்தது. உங்கள் கிட் பூட்டிய பிறகு 310 மி.மீ. உயரத்திலேயே அது கிளம்பிவிட்டது. பத்திரிகைத் தாள் ஒன்றை மடித்து ரயருக்குக் கீழே தள்ளினோம், தடையில்லாமல் மறுபக்கம் வந்தது. சில்லைக் கையால் சுற்றினால் சுற்றியது. கூடுதல் பிளெக்ஸ் என்று விற்ற சாமானைப் பூட்டி, இருந்ததையும் இழந்து நிற்கிறேன்.

காரணம் தேடுவது கஷ்டமாக இருக்கவில்லை. வாகனம் 50 மி.மீ. உயர்ந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய ஷொக் அப்சோபரை முழுக்க இழுத்து அளந்தால், கம்பனி ஷொக்கைவிட 12 மி.மீ. மட்டுமே நீளம். ஸ்பிரிங் வாகனத்தை மேலே தூக்க, ஷொக் அதற்கேற்ப நீளவில்லை. மிச்சம் 38 மி.மீ. எங்கே போனது? சில்லு கீழே இறங்கும் தூரத்திலிருந்துதான் வெட்டப்பட்டது. இப்போது பள்ளத்தில் சில்லு தொங்கும்போது ஷொக் முழுதாக நீண்டு 'டக்' என்று அடிக்கிறது. ஷொக்கின் வேலை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. அச்சைத் தொங்கப் பிடிப்பது அதன் முதன்மை வேலை இல்லை. இப்படியே ஓடினால் அதன் நுனி வளையத்திலுள்ள புஷ்ஷும் (மூட்டில் அதிர்வை வாங்கும் உறை) பூட்டும் இடமும் கிழியலாம்.

ஸ்பிரிங்கும் பிழை. வாங்கும்போதே என் வாகனத்தில் வின்ச் இல்லை, இரும்பு பம்பர் இல்லை, பாரம் ஏற்றுவதில்லை என்று தெளிவாகச் சொன்னேன். வந்தது பாரமான வாகனத்துக்கான கடின ஸ்பிரிங். மேட்டில் ஏறும் சில்லு உள்ளே அமுங்க மறுக்கிறது. கீழ்நோக்கிய தூரம் ஷொக்கால் போனது, மேல்நோக்கிய தூரம் ஸ்பிரிங்கால் போனது. "கொஞ்ச நாள் ஓடுங்கோ அண்ணை, ஸ்பிரிங் இருந்து குடுக்கும்" என்றார் உங்கள் ஊழியர். ஸ்பிரிங் போகப்போகக் கொஞ்சம் அமர்ந்து இளகலாம், சரி. ஷொக் எப்படி நீளும்?

கிட்டோடு வந்த கடின பொலியூரிதேன் புஷ் பற்றியும் சொல்லவேண்டும். ஜிம்னியின் முன் அச்சை இரண்டு ரேடியஸ் ஆம் (அச்சைச் சட்டத்தோடு இணைக்கும் நீளமான கைகள்) பிடிக்கின்றன. ஒவ்வொரு ஆமும் அச்சோடு இரண்டு இடத்தில் பூட்டப்பட்டிருப்பதால், ஒரு சில்லு ஏறி மறுசில்லு இறங்கும்போது அந்த முறுக்கம் முழுவதையும் புஷ்தான் வாங்கிக்கொடுக்கவேண்டும். ரப்பர் புஷ் நெளிந்து கொடுக்கும். இந்தக் கடின புஷ் நெளியாது, முழு அச்சையும் ஸ்டெபிலைசர் பார் (வாகனம் பக்கவாட்டில் சாயாமல் இரு சில்லையும் இணைக்கும் தண்டு) மாதிரி ஆக்கிவிடுகிறது. ரோட்டில் ஓடுகிறவருக்கு இது பிடிக்கலாம். பிளெக்ஸ் கேட்டவருக்கு இதை விற்கக்கூடாது. இதே புஷ் காஸ்டரையும் (ஸ்டியரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவரும் முன்சில்லின் சாய்வு) திருத்தும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. ஆனால் திருத்தவில்லை. மருதங்கேணி ரோட்டில் ஸ்டியரிங் வளைவு முடிந்து தானாகத் திரும்பி வருவதே இல்லை, நேர் ரோட்டிலும் பிடித்துக்கொண்டே ஓடவேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் காசு நட்டம் என்று பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது பிறேக் ஹோஸ். முன் வலது சில்லு முழுக்கத் தொங்கி, ஸ்டியரிங்கும் ஒரு பக்கம் முழுக்கத் திருப்பியிருக்கும்போது ஹோஸ் வீணைத் தந்தி போல இழுபட்டு நின்றது. விரலால் தட்டிப் பார்த்தேன், கொஞ்சமும் தளர்வு இல்லை. ஷொக் கட்டையாக இருந்தும் இந்த நிலை. உங்கள் தாளில் "பிறேக் ஹோஸ் மாற்றத் தேவையில்லை" என்று அச்சடித்திருக்கிறீர்கள். அதை நம்பிப் பூட்டியவர் எத்தனை பேர்? மணலில் ஹோஸ் அறுந்தால் வாகனம் புதைந்து நிற்கும். ஏ9 வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் வரும்போது அறுந்தால்? கராஜ் அண்ணை ஹோஸைப் பிடிக்கும் பிராக்கெட்டைக் கீழே இறக்கித் தற்காலிகமாகச் சரிசெய்து தந்தார். அதற்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

நான் கேட்பது அதிகமில்லை. 50 மி.மீ. உயரத்துக்கு உண்மையில் பொருந்தும் நீளத்தில் நான்கு ஷொக், என் வாகனத்தின் பாரத்துக்கு ஏற்ற மென்மையான ஸ்பிரிங், காஸ்டர் திருத்திய ரப்பர் புஷ், நீளமான பிறேக் ஹோஸ் ஆகியவற்றை உங்கள் செலவில் அனுப்பிவையுங்கள். அனுப்பும்போது ஷொக்கின் மூடிய நீளத்தையும் எழுதித் தாருங்கள். அது கூடிப்போனால் பம்ப் ஸ்டொப் (சில்லு மேலே ஏறுவதை நிறுத்தும் ரப்பர் தடுப்பு) தொடமுதல் ஷொக் அடிவாங்கும். அது முடியாதென்றால் கிட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு முழுக் காசையும், பூட்டிய கூலியையும் தாருங்கள். பாதிக் காசு, அடுத்த முறை கழிவு என்ற பேச்சு வேண்டாம்.

விளம்பரத்தையும் திருத்துங்கள். பிளெக்ஸ் கூடும் என்று சொல்வதென்றால் ஒரு முன்சில்லை 20 பாகைச் சாய்தளத்தில் ஏற்றி, மற்றொரு சில்லு நிலத்தை விட்டுக் கிளம்பும்வரை ஏறிய தூரத்தைச் சில்லிடைத் தூரத்தால் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம்) பிரித்து 1000 ஆல் பெருக்கி, கிட் பூட்ட முன்னும் பின்னும் வந்த எண்ணைப் போடுங்கள். ஜிம்னியின் சில்லிடைத் தூரம் 2250 மி.மீ.; அரைநாள் வேலைகூட இல்லை. பிறேக் ஹோஸ் விடயத்தை மட்டும் அதற்காகக் காத்திருக்காமல், இந்தக் கிட் வாங்கிய எல்லோருக்கும் உடனே அறிவியுங்கள்.

பற்றுச்சீட்டின் பிரதி, அளவுக் குறிப்பு, இழுபட்ட ஹோஸின் படங்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். கழற்றிய கம்பனி சாமான்கள் கராஜில் பத்திரமாக இருக்கின்றன, உங்கள் ஆட்கள் வந்து ஒப்பிட்டு அளக்கலாம். இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் அதிகாரசபைக்கு இதே ஆவணங்களோடு முறைப்பாடு செய்வேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஜிம்னி உரிமையாளர்,
பருத்தித்துறை.